தேமல் மறைந்த செடியில் விதைக்குச்சி எடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வேளாண்மைப் பக்கத்தில் மரவள்ளி விவசாயி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "ஆரம்பத்தில் தேமல் அடித்த செடிகள் இப்போது நன்றாகப் பச்சை கட்டி நிற்கின்றன. அடுத்த நடவுக்கு அவற்றில் குச்சி எடுக்கலாமா?" தேமல் என்பது இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப்போட்டுக் கோணும் வைரஸ் நோய். செடி தேறிவிட்டதால் தாராளமாக எடுக்கலாம், நட்டபின் எதிர்ப்புச் சக்திக்கான மருந்தை இரண்டு முறை தெளித்தால் போதும் என்று பதில் வந்திருந்தது. இந்தப் பதில் தவறு. வேறு மாதத்தில் வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கிழங்கு பிடுங்கி, குச்சியை மரத்தடியில் நிறுத்தி வைக்கும் இந்தப் பருவத்தில் வந்திருக்கிறது.

நான் ராசிபுரம் வட்டத்தைச் சேர்ந்தவள். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். புத்தகத்துக்கு மரவள்ளி, எங்கள் பக்கத்துக்குக் குச்சிக்கிழங்கு. அப்பா காலத்திலிருந்து எங்கள் இரண்டரை ஏக்கரில் அதுதான் விளைகிறது. இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். அந்த விவசாயி கேட்ட அதே காரியத்தை என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செய்து நட்டப்பட்டான். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் செடி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று சொல்ல வேண்டும். அது தெரிந்தால் கேள்விக்கான பதில் தானாகவே வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் குச்சிக்காட்டில் கொழுந்து தின்றுவிட்டது. தள்ளாடியபடி வீட்டு வாசலுக்கு வந்து விழுந்தது. வாயில் நுரை. வயிறு மேலும் கீழும் அடித்துக்கொண்டது. அம்மா என்னென்னவோ கரைத்து ஊற்றிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. சினையாடு அது. அதற்குப் பிறகு, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த இலையைத் தவிர வேறு எதையும் அம்மா ஆட்டுக்குக் காட்டியதில்லை. கிழங்கை வேகவைக்கும்போதும் தோலை முழுதாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிடுவார். காரணம் கேட்டால் "கசப்பு இறங்கட்டும்" என்பார்.

அந்தக் கசப்புக்குள் இருப்பது சயனைடு. ஆனால் முழு இலையில் சயனைடு சும்மா கிடப்பதில்லை. அப்படிக் கிடந்தால் செடியே செத்துப்போகும். லினமரின் என்ற பொருளைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் செடி பூட்டி வைத்திருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதியைச் செல்சுவர்ப் பக்கம் தனியாக வைத்திருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் தனித்தனியாக இருக்கும்வரை அதனதன் நிறத்தில் இருக்கின்றன, கலந்த நொடியில் ஆரத்திச் சிவப்பு வந்துவிடுகிறது. இதுவும் அதுபோலத்தான். ஆட்டின் பல்லில் இலை நசுங்கும்போது செல் உடைகிறது, பூட்டி வைத்ததும் நொதியும் கலக்கின்றன, ஒரு பக்கம் அசிட்டோனும் மறுபக்கம் ஹைட்ரஜன் சயனைடும் பிறக்கின்றன. காயம் பட்ட இடத்தில், காயம் பட்ட நேரத்தில் மட்டும் தயாராகும் நஞ்சு.

இதைப் பள்ளி ஆய்வகத்தில் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவேன். இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றில் முழு இலையைச் சுருட்டி வைப்பேன். இன்னொன்றில் அதே செடியின் இலையைக் கல்வத்தில் நசுக்கிப் போடுவேன். இரண்டிலும், சயனைடு ஆவி பட்டால் நிறம் மாறும் மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளை இலையில் படாமல் தொங்கவிட்டு அடைத்துவிடுவேன். காலையில் வைத்தால் மதிய உணவு மணி அடிக்கும்போது நசுக்கிய இலைக்கு மேலே இருக்கும் தாள் ஓரத்திலிருந்து ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும். முழு இலையின் தாள் மஞ்சளாகவே இருக்கும். மற்ற நேரம் கடைசி பெஞ்சில் சாய்ந்து கிடக்கும் பையன்கள்கூட அன்றைக்கு எழுந்து முன்னால் வந்து பார்ப்பார்கள். எத்தனையோ பேர் வீட்டில் ஆடு செத்திருக்கிறது, காரணத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மண்ணுக்கடியில் கிழங்குக்கும் இப்படி ஒரு தற்காப்பு உண்டு. பிடுங்கும்போது கிழங்கு முறிந்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலங்கலந்த கறுப்பு நரம்பு ஓடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்க்கும் இடத்தில் அதைக் காட்டி விலையை இறக்குவார்கள். கிழங்கு அழுகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காயத்துக்குக் கிழங்கு கொடுக்கும் பதில். முறிந்த இடத்தில் ஸ்கோபோலெட்டின் முதலான பொருள்களைச் சுரந்து கிருமிகளைத் தடுக்கப் பார்க்கிறது. செடியோடு இருந்திருந்தால் காயம் ஆறியிருக்கும். பிடுங்கிய கிழங்கில் ஆற வழியில்லை, சுரந்த பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துவிடுகிறது. மளிகைக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா? கிழங்கை வெட்டி ஒரு நாள் வைத்திருந்து, இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டிப் பாருங்கள். வெட்டிய முகம் நீலமாக ஒளிரும். முதல் முறை பார்த்தபோது நான் விளக்கை அணைக்கவே இல்லை, நெடுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு ஆயுதம் வைத்திருக்கும் செடிக்குத் தேமல் எப்படி வருகிறது? வெள்ளை ஈ ஆட்டைப்போல் கடிப்பதில்லை. ஊசியைவிடப் பல மடங்கு மெல்லிய உறிஞ்சுகுழலைச் செல்களின் இடைவெளி வழியாகவே நுழைத்துச் சாறு ஓடும் குழாயைத் தொட்டு உறிஞ்சுகிறது. செல்கள் அதிகம் உடைவதில்லை. உடையாத இடத்தில் லினமரினும் நொதியும் கலப்பதில்லை. ஆட்டைக் கொல்லும் செடி ஈயிடம் ஏமாந்துபோகிறது. ஈயின் எச்சிலோடு வைரஸ் உள்ளே இறங்கிவிடுகிறது. நம் பக்கம் இரண்டு வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒன்று இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், மற்றொன்று முதலில் இலங்கையில் அடையாளம் காணப்பட்டதால் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1894ஆம் ஆண்டிலேயே பதிவான நோயின் உறவுக்காரர்கள் இவை.

வைரஸ் நுழைந்த பிறகு செடி எடுக்கும் ஆயுதம் வேறு. உங்கள் பக்கத்தில் பதில் சொன்னவர் தவறியது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில் நகல்களாக எழுதுகிறது. செடி அந்த நகல்களில் அசாதாரணமானவற்றைக் கண்டுகொண்டு, ஒரு நொதியால் இருபத்தொன்று முதல் இருபத்துநான்கு எழுத்து நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்குகிறது. பிறகு நடப்பதுதான் அழகு. சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது சேலையின் ஒரு நுனியைக் கத்தரித்து மாதிரிக்குக் கையில் எடுத்துப் போவோம் அல்லவா? அதுபோல இன்னொரு புரதம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு செல் முழுதும் தேடுகிறது. துண்டோடு பொருந்துகிற வைரஸ் நகல் எங்கே கிடைத்தாலும் அங்கேயே வெட்டிப் போடுகிறது. துண்டுகள் செல்லுக்குச் செல் பரவி, வளரும் குருத்துவரை எச்சரிக்கை போய்ச் சேர்கிறது. ஆகவே, நோய் வந்தபின் புதிதாக விடும் இலைகள் சுத்தமாக வர முடிகிறது.

இப்படி அடியிலை நோயோடும் மேலிலை பச்சையாகவும் நிற்கும் புகையிலைச் செடிகளை 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்ட் என்ற ஆய்வாளர் பார்த்து எழுதி வைத்தார். காரணம் தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும் அந்தச் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். மரவள்ளியில் தேமல் மறைவதற்கும் இதுவே காரணம் என்று செயின்ட் லூயிஸ் நகரின் டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையத்திலிருந்து 2004இல் ஆய்வு வந்தது. தேறும் செடிகளில் அந்தத் துண்டுகள் மிகுதியாக இருந்தன. தேறாத செடிகளில் குறைவு. அடுத்த ஆண்டு அதே மையம் இன்னொன்றையும் காட்டியது: வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயர்ந்தால் செடியின் இந்த வேலை வேகம் பிடிக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. "சித்திரை வெயில் அடித்தால் தேமல் தானாகப் போய்விடும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊரில் எல்லாரும் சொல்வார்கள். படிக்காதவர்கள் சொல்லும் கதை என்று கல்லூரிக் காலத்தில் நான் ஒதுக்கியிருக்கிறேன். அவர்கள் பார்த்தது முழு உண்மை. வெயிலில் செடி வைரஸை அடக்குகிறது, இலை பச்சையாகிறது.

அடக்குகிறதே தவிர ஒழிப்பதில்லை. தேறிய செடியிலும் வைரஸ் கொஞ்சம் மிஞ்சி இருக்கிறது, குறிப்பாகத் தண்டில். அதைத் துண்டு போட்டுத்தான் நாம் கரணையாக நடுகிறோம். ஒரே குச்சியில் சில கரணை வைரஸ் இல்லாமல் சுத்தமாக முளைக்கவும் செய்யும். எது சுத்தம், எது நோய் என்று குச்சியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வைரஸோடு போன கரணை முளைவிடும்போது இளங்குருத்து பழைய போராட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் முதல் சுற்றில் தோற்கும்.

தம்பி தோட்டத்தில் நடந்தது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பச்சை திரும்பிய செடிகளில் நல்ல தடிமனான குச்சியாகப் பார்த்து எடுத்துத் தை மாதம் நட்டான். பக்கத்து ஊர் உரக்கடையில் ஒரு புட்டியும் வாங்கியிருந்தான். அரை லிட்டர் 780 ரூபாய். "வைரஸ் நோய்க்கு முழுத் தீர்வு" என்று அச்சடித்திருந்தது. இருபத்தைந்தாம் நாள் நான் வரப்பில் உட்கார்ந்து ஒரு வரிசையில் நூறு செடியை எண்ணினேன். அறுபத்திரண்டு செடியில் தேமல். எல்லாம் தரையை ஒட்டிய முதல் இலையிலேயே. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக, ஒரு பக்கம் கோணி, குழந்தையின் கை சூம்பியதுபோல் விரல்கள் சுருங்கிய இலைகள். வெள்ளை ஈயால் வந்த நோய் என்றால் அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலே விடும் இலைகளில்தான் முதலில் தெரியும். முதல் இலையே கோணினால் நோய் கரணையோடு வந்தது. "அக்கா, மூன்று முறை அடித்துவிட்டேனே" என்றான். அந்த ஆண்டு ஏக்கருக்கு ஆறு டன் தேறவில்லை.

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சாலிசிலிக் அமிலம் கலந்தது என்று எழுதியிருந்தது. கடைக்காரரும் "செடியின் சொந்த மருந்துதான் அம்மா" என்றார். பாதி உண்மையாக இருப்பதால்தான் இது என்னை அதிகம் வருத்துகிறது. சாலிசிலிக் அமிலம் உண்மையிலேயே செடியின் தற்காப்பில் முக்கியமானது. 1979இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் ஒயிட் புகையிலை இலைக்குள், சாலிசிலிக் அமிலத்தின் உறவுப் பொருளான ஆஸ்பிரினைச் செலுத்திவிட்டுப் பிறகு புகையிலைத் தேமல் வைரஸைத் தேய்த்தார். நோய்ப் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. வைரஸ் தாக்கிய செடி சாலிசிலிக் அமிலத்தைத் தானே சுரக்கிறது என்று 1990இல் உறுதியானது. அதன் ஒரு வடிவம் காற்றில் ஆவியாகிப் பக்கத்துச் செடிக்கும் எச்சரிக்கை தரும் என்று 1997இல் தெரிந்தது. முட்டிவலித் தைலத்தைத் திறந்தால் மூக்கில் ஏறும் வாசனை அந்தப் பொருளுடையதுதான்.

ஆனால் அந்தப் புகையிலை வேறு வகை. வைரஸ் இறங்கிய இடத்தைச் சுற்றியுள்ள செல்களைத் தானே சாகடித்து, வைரஸை ஒரு புள்ளிக்குள் சிறைவைக்கும் மரபணு அதற்கு உண்டு. ஆஸ்பிரினும் வைரஸ் வருவதற்கு முன்னால் கொடுக்கப்பட்டது. குச்சி முழுதும் பரவி உட்கார்ந்துவிட்ட வைரஸை இலைமேல் தெளிக்கும் சாலிசிலிக் அமிலம் துடைத்தெடுக்கும் என்று அந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. களவு போனபின் கதவுக்குப் பூட்டு வாங்கி என்ன பயன்? கடன் வாங்கிப் பயிர் வைப்பவரிடம் இப்படி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நோய் தொற்றிய வயல் மரவள்ளியைக் குணப்படுத்தும் தெளிப்பு மருந்து எதுவும் கிடையாது. இதை உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அப்படியானால் விவசாயி என்னதான் செய்வது? குச்சி தேர்வைப் பிடுங்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு இலை பாதி கொட்டியிருக்கும், மிச்சம் பச்சையாக இருக்கும், எந்தச் செடி நோய்ப்பட்டது என்று எவருக்கும் நினைவிருக்காது. முளைத்த முதல் மாதத்தில் ஒரு சுற்றுப் போக வேண்டும். கோடையில் தேமல் மறைந்திருக்கும் என்பதால் அப்போது பார்த்துப் பயனில்லை. புரட்டாசி ஐப்பசியில் மழை பெய்து குளிர்ந்தபின் இன்னொரு சுற்று. இரண்டு முறையும் ஓர் இலைகூடக் கோணாத செடிக்கு மட்டும் ஒரு துணி நாடா கட்டிவிட வேண்டும். குச்சி அந்தச் செடிகளில் மட்டுமே. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வழியும் சொல்கிறது. கரணைகளை நேரே வயலில் நடாமல் முதலில் நாற்றங்காலில் நெருக்கமாக ஊன்றி, மூன்று நான்கு வாரம் பார்த்து, தேமல் காட்டுவதையெல்லாம் பிடுங்கி அழித்துவிட்டு மற்றதை மட்டும் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு ஆள்கூலியும் தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகும். புட்டியின் விலையை இதில் போடலாம். தேமலைத் தாங்கும் இரகங்களும் வந்திருக்கின்றன. ஸ்ரீ ரெக்ஷா அவற்றில் ஒன்று. எங்கள் பக்கத்தவர்கள் அதற்காகக் கேரளம்வரை போக வேண்டியதில்லை, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலேயே மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம்.

சென்ற ஆண்டு தம்பி நாற்றங்கால் போட்டான். அம்மாவின் பழைய சிவப்புச் சேலை ஒன்றைக் கிழித்து நாடா ஆக்கினோம். முதல் சுற்றில் கட்டிய செடிகளில் சிலவற்றை ஐப்பசியில் அவிழ்க்க வேண்டியிருந்தது, மேலிலையில் தேமல் தெரிந்ததால். அவிழ்க்காமல் நின்றவை 412 செடி. இந்த ஆண்டு நடவுக்கு அதுவே போதும்.

தவறான பதில் வந்த பக்கத்தை எங்கள் ஊரில் இரண்டு பேர் வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் உங்கள் நாளிதழை நம்புகிறவர்கள். தை நடவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. அதற்குள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கேள்வி கேட்ட விவசாயியின் முகவரி உங்களிடம் இருந்தால், அச்சில் வரும்வரை காத்திராமல் அவருக்கு ஓர் அஞ்சலட்டையாவது எழுதிப் போடுங்கள். அவர் குச்சியை வெட்டிவிடுவதற்குள் அது போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.